கப்பலேறிய ரயிலில் மெசினாவுக்கு

இத்தாலியின் தென்கோடியில், வில்லா சான் ஜியோவானியில் ரயில் நின்றதும் பெட்டிகளைப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். ரயில் கடல் தாண்டப்போகிறதே என்று நான் வாய் பிளந்து பார்த்தேன். எதிர் இருக்கைப் பெரியவர் தூக்கத்திலிருந்து கண்ணையே திறக்கவில்லை. படியேறி மேல்தளத்துக்குப் போனால், சிசிலித் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்தத் தீவின் துறைமுக நகரான மெசினாவுக்கு நான் போனது இலியா மெச்னிகோவுக்காக. ஒடெசா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு 1882-இல் இங்கே வந்த விலங்கியலாளர். கடலோரம் ரிங்கோ என்ற பகுதியில், மனைவி ஓல்கா, அவருடைய தம்பி தங்கைகளோடு குடியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் குரங்குகளைப் பார்க்கக் கிளம்பிவிட, இவர் நுண்ணோக்கியோடு தங்கிவிட்டார். நட்சத்திர மீனின் லார்வா, அதாவது இளம் பருவ உயிரி, கண்ணாடி மாதிரி; உள்ளே அலையும் செல்களை உயிரோடு பார்க்கலாம். வெளியிலிருந்து எதுவும் புகுந்தால் இவைதான் எதிர்க்குமோ? தோட்டத்துக்குப் போய் ரோஜா முள் ஒடித்து வந்து, லார்வாவின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. வியன்னாவில் விலங்கியலாளர் ஒருவர் அவற்றுக்குக் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார்: ஃபேகோசைட், தின்னும் செல்.

சிறு வயதில் சீமைக்கருவேல முள் தைத்து என் குதிகால் சீழ் பிடித்ததுண்டு. அந்தச் சீழில் பெரும்பகுதி, கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெள்ளையணுக்கள்; நம் உடம்பின் தின்னும் செல்கள். வெள்ளையணுக்கள் கிருமியைச் சுமந்துபோய் உடலெங்கும் பரப்புகின்றன என்றே அக்கால மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். காவல்காரனைத் திருடன் என்று பிடித்துவைத்த கதைதான்.

மெச்னிகோவ் வாழ்ந்த ஊரைத் தேடுவது வீண் என்று தெரிந்தேதான் போனேன். 1908-இல் அவருக்கும் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு. அதே ஆண்டு டிசம்பர் 28 விடிகாலை நிலநடுக்கம். பின்னாலேயே கடல் பொங்கி வந்தது. பழைய மெசினா கிட்டத்தட்ட முழுவதும் தரைமட்டம். இப்போதிருப்பது அகலத் தெருக்களும் குட்டைக் கட்டடங்களுமாகப் பிறகு எழுப்பிய ஊர். அவர் பாரிஸில் 1916-இல் காலமானார். அஸ்தி அங்கே பாஸ்டர் நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

ரிங்கோவில் ஒரு மணிநேரம் நடந்தேன். மாறாமல் இருந்தவை ஜலசந்தியும் எதிர்க்கரைக் கலாப்ரியா மலைகளும்தான்.

பேராலய மணிக்கூண்டில் உச்சிப் பொழுதுக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. காப்பி கிரானிட்டா என்கிற பனித்துருவல் இனிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு, கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன்.