லீடாவுக்கு வைத்த குங்குமம்

பழைய இங்கிலீஷ் பீங்கான் பொம்மை சேர்ப்பவன் வீட்டுக்கு ஊரிலிருந்து மாமியார் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. லண்டன் வந்து இறங்கிய அத்தை, ஜெட் லாக்கில் விடியுமுன்னே எழுந்து குளித்துவிட்டு ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்திருக்கிறார்கள். நான் மாடியிலிருந்து இறங்கும்போதே ஊதுபத்தி வாசனை.

அலமாரியில் இருப்பது டெர்பி ஆலையில் 1765 வாக்கில் செய்த ஜோடி. ஒன்றில் அன்னத்தோடு லீடா, மற்றதில் காளைமேல் யூரோப்பா. அந்தக் காலத்து டெர்பி பொம்மையில் முத்திரை இருக்காது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மூன்று நான்கு கறுப்புத் திட்டுகள் தெரியும். சூளையில் களிமண் உருண்டைகள்மேல் நிறுத்திச் சுட்ட தடம். அதைப் பார்த்துத்தான் காசைக் கொட்டுகிறோம். செல்சீ ஆலையின் தங்க நங்கூர முத்திரையை நம்பினால் அவ்வளவுதான், பாரிஸ் சாம்சன் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் நகல் பொம்மைகளில் அதையும் போட்டு விற்றிருக்கிறது.

"சரஸ்வதி, ரிஷப வாகனத்துல அம்பாள்... விளக்குகூட ஏத்தாம வெச்சிருக்கீங்களே மாப்பிள்ளை" என்றார்கள் அத்தை. இரண்டு நெற்றியிலும் குங்குமம். அன்னம், காளை உட்பட எல்லோருக்கும் பூ. "சரஸ்வதிக்குத்தான் புடவை நிக்கல. பாவம், வெள்ளைக்காரனுக்குக் கட்டத் தெரியல."

மெருகில் ஓடும் மயிரிழை விரிசலுக்குள் குங்குமம் இறங்கினால் போகாது. பஞ்சை லேசாக நனைத்து ஒற்றியெடுத்தேன். தண்ணீரில் முக்கவும் முடியாது. லீடாவின் விரல்கள் பின்னாளில் யாரோ ஒட்டவைத்தவை, புற ஊதா டார்ச் அடித்தால் அவை மட்டும் தனியாகத் தெரியும். நல்லவேளை, கிழக்கு லண்டனில் இருந்த 'போ' ஆலையின் சரக்கில்லை. அங்கே களிமண்ணோடு மாட்டெலும்புச் சாம்பல் கலப்பார்கள். தெரிந்தால் அத்தை இன்னொரு தரம் குளிக்கப் போயிருப்பார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் கிரேக்கப் புராணம் படிக்கும் என் பையன் சும்மா இருப்பானா?

"பாட்டி, அது அன்னமும் இல்ல, மாடும் இல்ல. ரெண்டுமே ஜீயஸ். வேஷம் போட்டு வந்து ஒரு ராணியை ஏமாத்திட்டாரு. இன்னொரு பொண்ணை முதுகுல ஏத்தி கடல் தாண்டி கிரீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

காபி டம்ளரோடு வந்த என் மனைவி அப்படியே நின்றாள். அத்தை அசரவில்லை.

"யாருடா அவன்?"

"தேவர்களுக்கெல்லாம் ராஜா."

"அதானே பார்த்தேன். நம்ம இந்திரன் கோழியாக் கூவி கௌதமரை ஏமாத்தின கதைதான். ஏன், சாபம் குடுக்க அந்த ஊர்ல ஒரு முனிவர்கூட இல்லையா?"

பையனிடம் பதில் இல்லை. அத்தை என் பக்கம் திரும்பினார்கள்.

"பொண்ணுங்க பூ இருக்கட்டும் மாப்பிள்ளை, அதுங்க என்ன பண்ணும். அந்த மாட்டுக்கும் அன்னத்துக்கும் வெச்சதை மட்டும் எடுத்துடுங்க."