அட்டையில் சிவப்புச் சொட்டு

பிப்ரவரி 24. மீதி 37

வேலை போய்விட்டது, அமெரிக்க விசாக் கெடு முடிய இன்னும் 37 நாள். பழைய ஃபோர்டுக்கு அடியில் போட்ட அட்டையில் நான்கு சொட்டு. நான்கும் சிவப்பு.

பிப்ரவரி 25. மீதி 36

ஆறு. ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே நின்ற வண்டி, அப்புறம் எப்படி ஆறு? முதுகைத் தரையில் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒழுகுவது இரண்டு இடத்தில். ரேடியேட்டரின் அடித்தொட்டியில் பைப் சேரும் இடம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் இன்னொன்று. யாரோ ஒரு புண்ணியவான் பைப்பை நடுவில் அறுத்து, ரப்பர் ஹோஸைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறான். நட்டின் ஆறு மூலையும் மழுங்கிக் கூழாங்கல் மாதிரி இருக்கிறது. இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, வக்கீல் மெயிலுக்குப் பதில் போட்டீங்களா?"

போடவில்லை.

பிப்ரவரி 27. மீதி 34

துரு இளக்கும் எண்ணெய், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. அம்மாவின் பிரஷர் மாத்திரை போல.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பச்சைதான். நல்லது. கியர்பாக்ஸில் கொதித்த ஆயில் ஒரு பைப் வழியாக முன்னால் வந்து, அடித்தொட்டிக்குள் இருக்கும் சின்னக் குளிர்கலத்தில் புகுந்து, சுற்றியுள்ள தண்ணீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு பைப்பில் திரும்பிப் போகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிசாக ஒரு உலோகச் சுவர், அவ்வளவுதான். அது ஓட்டையானால் மூடிக்குள் ரோஸ்மில்க் தெரியும். தண்ணீர் போய்ச் சேர்ந்த கியர்பாக்ஸில் கிளட்ச் தட்டுகளின் பசை விட்டுவிடும். அதற்கப்புறம் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

தினமும் ஒருமுறை மூடியைத் திறக்கிறேன். தேவையில்லை என்று தெரியும்.

மார்ச் 1. மீதி 32

வேலைக்கு இன்டர்வியூ. முக்கால் மணி நேரம் பேசினார்கள். இரண்டு நாளில் சொல்வார்களாம்.

மார்ச் 4. மீதி 29

சொல்லவில்லை.

நட்டைத் திருப்பினேன். நட்டோடு பைப்பும் சேர்ந்து சுற்றி முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. ரேடியேட்டர் பக்கத்துப் பித்தளையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்திருந்தேனோ, தொட்டி தப்பித்ததோ. பிடிக்காமல் திருகியிருந்தால் ஈயப்பற்று பிய்ந்து தொட்டியும் போயிருக்கும்.

கடைசியில் ஹேக்சாவை எடுத்து நட்டை ஒட்டி பைப்பை அறுத்தேன். பைப் போனதும் ஆறு பட்டை சாக்கெட் நேராக மேலே உட்கார்ந்தது. டக் என்று ஒரு சத்தம், நட் கையில். எப்படியும் தூக்கி எறியப்போகிற பைப்பைக் காப்பாற்றுவதற்கு ஒரு வாரம் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

கியர்பாக்ஸ் பக்கமும் அதே வைத்தியம்.

மார்ச் 5. மீதி 28

ஆர்டர் போட்டாச்சு. செம்பு-நிக்கல் பைப், 5/16 அங்குலம், 25 அடிச் சுருள். கையாலேயே வளைக்கலாம், துரு பிடிக்காது. நட்டுகள் 1/2 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஃபிட்டிங்குகள்.

விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு 25 அடி என்று கேட்டாள். சின்னச் சுருள் விற்பதில்லை என்றேன். பொய்.

மார்ச் 8. மீதி 25

தப்பான ஃபிட்டிங். வந்திருப்பது பந்தய வண்டிகளுக்குப் போடுவது, முனைச் சரிவு 37 டிகிரி. எனக்கு வேண்டியது 45. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. மாட்டினால் ஒழுகும். கடைக்காரன் மேல் தப்பில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு நான்தான் தப்பாக அழுத்தியிருக்கிறேன்.

எட்டு டிகிரிக்கு நான்கு நாள்.

மார்ச் 9. மீதி 24

அம்மா போன். "என்னடா, இந்தத் தடவை சித்திரைக்காவது வருவியா?" வரலாம்மா என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மார்ச் 12. மீதி 21

இன்று ஃப்ளேர் அடித்தேன். பைப் முனையை விரித்து, விரித்ததை உள்பக்கம் மடித்து, இரட்டை உதடாக்க வேண்டும். முதல் முனை: பிசிறைச் சீவாமல் அடித்தேன், விரிசல். இரண்டாவது: கோணல். மூன்றாவது அழகாக, வட்டமாக, சங்கு மாதிரி வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்து ரசித்த பிறகுதான் தெரிந்தது, நட்டைப் பைப்பில் கோக்கவே இல்லை. உதடு விரிந்தபின் அந்தப் பக்கமிருந்து நட் நுழையாது. அறு.

25 அடி எதற்கு என்று இப்போது கேட்கட்டும்.

மார்ச் 13. மீதி 20

அட்டையில் சொட்டே இல்லை. பைப்பே இல்லாத வண்டி எங்கிருந்து சொட்டும்?

மார்ச் 15. மீதி 18

கை நடுங்கியது. கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம், ஃபிட்டிங் எஃகு. குறுக்கு மரை ஏறினால் எஃகுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் போகும். முதல் மூன்று சுற்று விரலால் மட்டும். டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அதன் நூல் ஒன்று பிய்ந்து உள்ளே போய் வால்வில் சிக்கினால் அது வேறு தலைவலி. பசையை மரையில் மட்டும் தடவினேன். ஃப்ளேர் உட்காரும் இடத்தில் எதுவும் தடவக்கூடாது, அங்கே உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அடைக்கவேண்டும்.

இன்டர்வியூ எடுத்தவர்களிடமிருந்து மெயில். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். வாழ்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 16. மீதி 17

டைப் எஃப் ஆயில் ஊற்றினேன். 1966 ஃபோர்டுக்கு அதுதான். P-யில் வைத்து ஓடவிட்டு, சூடேறியதும் குச்சியில் அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம். ரேடியேட்டர் ஃபிட்டிங்கின் ஓரத்தில் லேசாக ஈரம். கால் சுற்று இறுக்கினேன். நின்றது. இன்னொரு கால் சுற்றுக்குக் கை அரித்தது, ஸ்பேனரைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 19. மீதி 14

அட்டையில் ஒன்று. ஒன்றே ஒன்று. பழைய ஆயில் எங்காவது சந்தில் தேங்கி வடிகிறதா, புதுசா? எல்லாவற்றையும் துடைத்துக் குழந்தை பவுடர் தூவினேன். புதுசு என்றால் பவுடரில் தடம் விழும்.

மூடி: பச்சை.

மார்ச் 20. மீதி 13

பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. பாப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இந்த 1966 மாடலின் கியரில் D கிடையாது, இரண்டு புள்ளிகள்தான். பச்சைப் புள்ளியில் போட்டால் மூன்று கியரும் வரும், சின்னப் புள்ளியில் போட்டால் இரண்டாவதில் கிளம்பும். பச்சையில் போட்டேன். வெண்ணெய்.

மில்பிடாஸ் கிரேட் மாலில் நிறுத்தினேன். 1955லிருந்து 1983 வரை அது ஃபோர்டு ஆலை. 1994ல்தான் மால் ஆனது. வண்டியின் சேஸிஸ் எண் 6R07C என்று ஆரம்பிக்கிறது, அந்த R இந்த ஆலைதான்.

"அப்பா, இந்தக் கார் இங்கதான் பொறந்துச்சா?"

"ஆமா."

"நானும் இங்கதானே பொறந்தேன்?"

"ஆமாடா."

அரை மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். தார் காய்ந்தே இருந்தது.

மார்ச் 22. மீதி 11

வாங்குகிறவன் வந்தான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பைப் வேலை யார் செய்தது என்று கேட்டான். ஒரு ஆள் இருக்கிறான் என்றேன். 500 டாலர் குறைத்துக் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றது நான்.

மார்ச் 23. மீதி 10

சொல்லவில்லை.

மார்ச் 24. மீதி 9

அட்டையில் ஒன்று இருக்கிறது. இன்னும் விளக்கைப் போடவில்லை.