கிணறு இறைக்கப் போன ஊழியப் பயணம்

எங்கள் சபையின் வாலிபர் சங்கம் ஊழியப் பயணத்துக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கைத் தெரிவு செய்தபோது, என்ன கொண்டுபோவது என்பதே கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி. உடுப்பு, கொப்பி, உலருணவுப் பொதி என்று பட்டியல் நீண்டது. அதை மூடி வைத்துவிட்டு முதலில் போய்க் கேட்டு வருவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். ஊரை அறிந்துகொள்ள அவருக்கு ஆண்டுக்கணக்கில் காலம் இருந்தது. சில நாட்களுக்கு மட்டும் போகிறவர்கள் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போதகர் ஐயாவின் கடிதத்துடன் கிராம அலுவலரைச் சந்தித்தோம். அவர் எங்களை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் அனுப்பினார். பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து இருந்து கதைத்தோம். சங்கத் தலைவி அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உடுப்பு எங்களிடம் இருக்கிறது. மாரி வெள்ளம் ஏறிய கிணறுகளை இறைத்துத் தாருங்கள்" என்றார். நாங்கள் போன ஒழுங்கைகளில் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வெள்ளம் நின்ற நாட்களில் மலசலகூடக் குழிகளும் நிரம்பி வழிந்து கிணறுகளோடு கலந்திருக்கின்றன. கணவனை இழந்த பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகளில் இறைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கக் காசு இல்லை. சிறுவர்களின் வயிற்றோட்டத்தைப் பற்றி ஒவ்வொரு தாயும் சொன்னார்.

இன்னொரு நிபந்தனையும் அங்கேயே வந்தது. உதவி தந்துவிட்டுத் துண்டுப்பிரசுரம் நீட்டுகிறவர்களை அவர்கள் முன்பு பார்த்திருக்கிறார்கள். அம்மன் கோயிலுக்குப் போகும் வீடும் மாதா கோயிலுக்குப் போகும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கும் ஊர் அது. கிணற்றடியில் ஜெபமோ பிரசங்கமோ இராது, எந்த வீட்டையும் மதம் பார்த்துத் தெரிவு செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். சபையில் சிலருக்கு இதில் மனத்தாங்கல். தாகத்தோடு இருப்பவரிடம் தண்ணீருக்குப் பதிலாக எதையும் எதிர்பார்ப்பது விசுவாசத்துக்கே இழுக்கு என்பது என் உறுதியான எண்ணம். மாலை ஆராதனையை எங்களுக்குள் மண்டபத்தில் நடத்தினோம்.

அடுத்தது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிணறு இறைக்க விரும்பும் எந்தக் குழுவும் அவரிடம் போகாமல் தொடங்கக் கூடாது. எந்தக் கிணற்றை முதலில் எடுப்பது, எவ்வளவு குளோரின் இடுவது என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து கொள்ளளவைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் தூளை நிறுத்துத் தந்தார்.

இறைப்பதில் அவசரம் காட்டவே கூடாது. இந்தக் கரையோர மணலில் மழையால் ஊறிய நன்னீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பாடக் கணக்கு. கிணற்றை ஒரே மூச்சில் வற்றவைத்தால் அழுக்கு போகும், உவர் வந்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெரிய இயந்திரம் வைத்து இறைத்ததில் தன் வளவுக் கிணறு பல காலம் வாயில் வைக்க முடியாதபடி கிடந்தது என்று ஒரு வயதான அம்மா சொன்னார். பரிசோதகரின் அறிவுரையும் அதுவே. சிறிய இயந்திரத்தால் கொஞ்சம் இறைத்து நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி இறைத்தோம். இறைத்த தண்ணீர் திரும்பவும் கிணற்றடியில் தேங்காதபடி குழாயை இழுத்துத் தூரத்தில் விட்டோம்.

உயிருக்கு ஆபத்தான ஓர் இடம் உண்டு. பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகை உள்ளேயே தங்கி ஆளைக் கொல்லும். எங்கள் இயந்திரம் எப்போதும் வெளியே, காற்றுப் போகும் திசையில் இருந்தது. அது ஓடும்போது யாரையும் உள்ளே இறங்க விடவில்லை. சேறு அள்ள இறங்கியவர்கள் ஊரின் அனுபவசாலிகள். இடுப்பில் கயிறு, மேலே பிடிக்க ஆட்கள். எங்கள் பிள்ளைகள் வாளி இழுத்தார்கள், உட்சுவரைத் தேய்க்கத் தும்புத்தடி எடுத்துக் கொடுத்தார்கள். பட்டணத்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் முழங்கால் வரை சேற்றில் நின்று ஊர்ப் பெரியவர்களின் சொற்கேட்டு வேலை செய்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

குளோரின் இட்ட கிணறுகளை ஓர் இரவு முழுவதும் மூடி வைத்து, பரிசோதகர் வந்து பார்த்த பிறகே பாவனைக்கு விட்டோம். அதுவரை குடிப்பதற்குப் பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது.

சமையலை ஊர்ப் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழை எங்களோடு இருந்து குடித்தார்கள். அரிசி, மரக்கறிச் செலவைச் சங்கத்திடம் கொடுத்தோம்; வாங்குவதற்கே வெகுநேரம் தயங்கினார்கள்.

பொதிகளுக்கென்று சபை ஒதுக்கிய பணத்தில் வாங்கிய இயந்திரத்தை, சபையின் சம்மதத்துடன் மாதர் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு பெண்கள் அதை இயக்கவும் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் பழகிவிட்டார்கள். வேறு சபைகள் இப்படிப் போக நினைத்தால், தை பிறந்து மழை ஓய்ந்ததும் கிராம அலுவலரைச் சந்தியுங்கள். மாசி, பங்குனியில் வேலையை முடித்துவிடலாம். வெயில் ஏறி நீர்மட்டம் இறங்கிவிட்டால் அங்கே இயந்திரம் வைக்கக் கூடாது.