நிமிஷத்துக்கு 560 மில்லி

போன மாதம் பெங்களூர் ஜக்கூர் விமானத் திடலின் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்), ஒரு சின்ன விமானத்தின் பெட்ரோல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, மாற்றும்போது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுத வேண்டும். விமானம் தரையில் கட்டியிருந்தபோதே அது தெரிந்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஸ்ரீராமபுரத்தில் அப்பா டூ-வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டுவதைப் பதினான்கு வயதிலேயே கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒருவர் பின்னால் ஒருவராக ஆட்களைப் பிடித்து ஜக்கூருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே முதலில் கைக்கு வந்தது ரோட்டாக்ஸ் 582 என்கிற சின்ன விமான எஞ்சின். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று ஆயில் கலக்க வேண்டும். அந்தப் புகை வாசனையிலேயே ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 912-தான்: நான்கு சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக், இரண்டு பிங் கார்புரேட்டர்.

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: இந்தச் சின்ன விமானங்களில் எஞ்சின் தானாகக் கெட்டு நிற்பது அபூர்வம். அதற்குப் பெட்ரோல் போய்ச் சேராமல்தான் நிற்கும். பெட்ரோல் போகிற வழி கெடுவது பறப்பதால் இல்லை, சும்மா நிற்பதால்.

நான் தப்பு செய்த அந்த விமானத்தின் சொந்தக்காரர் கோயம்புத்தூர்க்காரர், கல்யாண் நகரில் வீடு. ஐடி வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்து ஒரு மணி நேரம் பறந்தால் பெரிய விஷயம். மழைக்காலத்தில் மூன்று மாதம் விமானத்துக்குப் போட்ட கவரையே எடுக்க மாட்டார். எஞ்சின் ஓடியது மொத்தம் 60 மணி நேரம்கூட இல்லை. ஆனால் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எரிபொருள் ஹோஸ், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற ரப்பர் ஃப்ளாஞ்ச், உள்ளே இருக்கிற டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது ரோட்டாக்ஸின் கணக்கு. எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அந்தக் கணக்கில் வராது. எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சரிசெய்கிற பெரிய ஓவர்ஹாலுக்கும் அப்படித்தான், 2000 மணி நேரம் அல்லது 15 வருஷம், எது முதலில் வருகிறதோ அது.

"என்னங்கண்ணா, ஹோஸ் புதுசாட்டம்தானே இருக்கு? கார்ல பத்து வருஷம் ஆனாலும் மாத்தறது இல்லையே," என்றார்.

"சார், ஒரு நிமிஷம் இருங்க," என்று சொல்லி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த பழைய ஹோஸைக் கழற்றினேன். வெளியே நல்ல கறுப்பு, பளபளப்பு. கட்டை விரலால் வளைத்தால் வளைந்தது. க்ளாம்ப் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் முடி மாதிரி இரண்டு மூன்று கோடுகள். பிளேடை எடுத்து நீளவாக்கில் கிழித்து விரித்துக் காட்டினேன். உள்பக்கம் வெயில்காலத்து ஏரி மண் போல முழுக்க வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் கறுப்பாகத் தூள் வந்தது. அந்தத் தூள் பம்புக்குள் போகும், அங்கிருந்து கார்புரேட்டரின் ஊசி வால்வில் போய் உட்காரும். ஒரு துணுக்கு போதும், வால்வு மூடாது, பெட்ரோல் வழிய ஆரம்பிக்கும். அவர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு அப்புறம் செலவைப் பற்றிப் பேசவில்லை.

என் தப்பு நடந்தது அடுத்த நாள்.

புது ஹோஸை, அது கழன்றுவிடாமல் பிடிக்க வரிவரியாக விளிம்பு வைத்த முனைகளில் ஏற்ற வேண்டும். புது ரப்பர் இறுக்கமாக இருக்கும். கொஞ்சம் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவி, மெதுவாகத் திருகித் திருகி ஏற்ற வேண்டும். என்னோடு வேலை செய்கிற கிருஷ்ணகிரிப் பையன் லீவு, மழை வேறு வருவது போல இருந்தது. பம்புக்குப் போகிற ஹோஸை நான் திருகாமல் நேராக அழுத்தி ஏற்றினேன். க்ளாம்ப் போட்டேன். கசிவு இல்லை. ஸ்டார்ட் செய்தேன், ஐடிலில், அதாவது மெல்லிய ஓட்டத்தில், அழகாக ஓடியது. 4000 ஆர்பிஎம் வரை ஏற்றினேன், நன்றாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. எரிபொருள் லைனில் கை வைத்துவிட்டால் இரண்டு காரியம் செய்யாமல் செய்த வேலையைப் பதிந்து கையெழுத்துப் போடுகிற லாக் புக்கைத் தொடக் கூடாது என்பார். ஒன்று, விமானத்தைக் கட்டிப் போட்டு இரண்டு நிமிஷம் முழு த்ராட்டில், அதாவது எஞ்சினுக்கு முழு விசை. இன்னொன்று, ஒரு நிமிஷத்தில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்று ஜாரில் பிடித்து அளப்பது. அந்தப் பழக்கத்தில் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினேன். முப்பது நாற்பது விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் எரிபொருள் அழுத்தம் காட்டுகிற முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. இந்த எஞ்சினுக்குக் குறைந்தது 0.15 பார் வேண்டும். முள் அதற்குக் கீழே போனதும் சத்தம் மாறியது, ஆர்பிஎம் இறங்கியது. த்ராட்டிலைக் குறைத்ததும் எஞ்சின் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி சீராக ஓடியது.

இந்த இடம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஐடிலில் இது தெரியாது. ரன்வேக்குத் தரையில் உருட்டிக்கொண்டு போகும்போதும் தெரியாது. டேக்-ஆஃபில், தரையை விட்டு எழும்பிய அந்த அரை நிமிஷத்தில்தான் தெரியும். ஜக்கூரில் எழும்பினால் சுற்றிலும் அபார்ட்மென்ட், ஒரு பக்கம் பெல்லாரி ரோட்டு மேம்பாலம். 300 அடியில் எஞ்சின் மூச்சு வாங்கினால் இறங்குவதற்கு ஒரு வயல்கூடக் கிடையாது.

எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, ஜாரை எடுத்தேன். கணக்கு இதுதான். 100 குதிரைத்திறன் 912 டேக்-ஆஃப் பவரில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்பு வைத்து அனுப்புகிற சிஸ்டம் அதைவிடக் கால் பங்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும். பம்பு இல்லாமல் தானாக இறங்கி வருகிற சிஸ்டம் என்றால் ஒன்றரை மடங்கு. 27-ஐ 1.25-ஆல் பெருக்கினால் மணிக்கு 33.75 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 560 மில்லி சொச்சம். இதை விமானம் சமமாக நிற்கும்போது அளந்து பிரயோஜனம் இல்லை. முன் சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து, ஏறும்போது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குமோ அவ்வளவு தூக்கி, டேங்கில் குறைவாகப் பெட்ரோல் வைத்து அளக்க வேண்டும். கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, எலெக்ட்ரிக் பம்பை ஓட விட்டு, ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினேன். பக்கத்திலேயே தீயணைப்பு சிலிண்டர்.

ஒரு நிமிஷத்தில் 310 மில்லி.

ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிக் கழற்றிக்கொண்டே போனேன். நான் அழுத்தி ஏற்றிய ஹோஸுக்குள் டார்ச் அடித்தபோது தெரிந்தது. பம்பு முனையின் கூர்மையான விளிம்பு ஹோஸின் உள் ரப்பரை வாழைப்பழத் தோல் உரிப்பது போல ஒரு சீவல் சீவியிருந்தது. சீவல் முழுசாக அறுந்து விழவில்லை, ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மெல்லப் போகிற பெட்ரோலுக்கு அது வழிவிடும். வேகமாக இழுத்தால் கதவு மாதிரி வந்து மூடிக்கொள்ளும். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. இப்போது அதை ஒரு பாட்டிலில் போட்டு ஹேங்கர் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஹோஸை மறுபடி புதிதாக வெட்டி, ஆயில் தடவி, திருகி ஏற்றினேன். ஏற்றின பிறகு ஒரு தடவை கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். 640 மில்லி. இரண்டு நிமிஷம் முழு த்ராட்டில், முள் அசையவில்லை.

சொந்தக்காரருக்கு போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் வர்றப்போ அந்த ஜார்ல பிடிக்கறதை எனக்கும் காட்டுங்க," என்றார்.

அந்த ஞாயிறு காட்டினேன். கூடவே மற்றதையும் காட்ட வேண்டியதாயிற்று, அதில் முக்கியமானது பெட்ரோல். 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் பிரதமர் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். இப்போது எந்த பங்க்கில் போட்டாலும் அதுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டாக்ஸ் 912-க்கு அனுமதி 10 சதவீதம் வரைதான். கேனில் வந்த பெட்ரோலை நான் நம்புவதில்லை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி, தெளிய வைப்பேன். எத்தனால் இல்லையென்றால் தண்ணீர் 10-லேயே நிற்கும். இருந்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கோடு மேலே ஏறும். அன்று அவர் காரில் கொண்டுவந்த பெட்ரோலில் கோடு 25-ஐத் தாண்டியது.

எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று மாதம் மழையில் நிற்கிற விமானத்தில் பாதி டேங்க் காலியாக இருந்தால் அந்தக் காலிப் பாதியில் ஈரக் காற்றுதான். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து கீழே இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் எடுக்கிற குழாய் வாய் இருப்பது அங்கேதான். மேலே மிஞ்சுகிற பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரிகிற தரமும், குறைந்துபோகும். ஃபைபர் கிளாஸ் டேங்க் என்றால் இன்னொரு கவலை, சில பழைய ரெசின்களை எத்தனால் இளக்கிவிடும்.

அதனால் இந்த விமானத்துக்கு இப்போது ஏவ்கேஸ் 100எல்எல் என்கிற நீல நிற விமானப் பெட்ரோல் மட்டும். முன்பெல்லாம் இறக்குமதிதான், 2022-லிருந்து இந்தியன் ஆயில் குஜராத்தில் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருக்கிறது, ஸ்பார்க் பிளக்கிலும் ஆயிலிலும் படியும். எனவே 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற ஆயிலை 50-லேயே மாற்றுகிறோம். விலையும் அதிகம். நின்று கெடுகிற பெட்ரோலைவிட எனக்கு இது சம்மதம்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஃப்ளோட்டை, அதாவது மிதவையை, நிறுப்பதுதான். 912-இன் ஒவ்வொரு கார்புரேட்டர் கிண்ணத்திலும் இரண்டு பிளாஸ்டிக் மிதவைகள் உண்டு. சில பெட்ரோலைக் குடித்துக் கனமாகிவிடும். கனத்தால் தாழ்ந்து மிதக்கும், அதனால் கிண்ணத்தில் மட்டம் ஏறி பெட்ரோல் வழியும். கீழே சைலன்ஸர் சூடாக இருக்கும். இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இடது ஜோடி 6.2. வலது 7.4. வலதை மாற்றினோம். அந்தக் கார்புரேட்டர் பக்கம் இரண்டு மாதமாக லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

டேங்குக்குள் காற்று போகிற வென்ட் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜக்கூரில் குளவி அதிகம். ஒரு வாரம் நின்றால் போதும், மண் உருட்டி அந்தக் குழாயில் கூடு கட்டிவிடும். டேங்குக்குள் காற்று போக வழி இல்லையென்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், டேக்-ஆஃபும் ஆகும். அதன் பிறகுதான் டேங்கில் வெற்றிடம் ஏற ஏறப் பெட்ரோல் குறையும். பறந்து வந்ததும் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் அதே நிமிஷம் வென்ட்டைப் பாருங்கள். நிறுத்தி வைக்கும்போது சிவப்பு நாடா கட்டின மூடி போடுகிறோம், பறக்கும் முன் அதை எடுத்து விமானியின் கையில் கொடுப்பது பையனின் வேலை.

ஏப்ரல் வெயிலுக்கு ஒரு குறிப்பு. பெங்களூர் உயரத்தில் தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும், பெட்ரோலும் கடற்கரை ஊரைவிடச் சீக்கிரம் ஆவியாகும். ஓடி நின்ற எஞ்சினின் சூட்டில் எஞ்சினை மூடியிருக்கிற கௌலிங்குக்குள் இருபது நிமிஷம் வெந்த ஹோஸில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கும். அந்த ஆவி டேங்குக்குத் திரும்பத்தான் 0.35 மில்லிமீட்டர் ஓட்டை வைத்த ரிட்டர்ன் லைன். அந்த ஓட்டையில் தூசி அடைத்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஹோஸ் மாற்றும்போது அதையும் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு அவர் மறுபடி வந்தார். நான் கௌலிங்கைத் திறப்பதற்குள் ஜாரையும் ஸ்டாப் வாட்ச்சையும் அவரே அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டார். முன் சக்கரத்துக்குப் பலகையைப் பையன் வைத்தான். 630 மில்லி. லாக் புக்கில் அந்த எண்ணை எழுதினேன், அவர் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார், பறக்கப் போனார்.