இருபதாவது நிமிடத்தில் திணறும் கணினி

கடந்த ஏப்ரல் மாதம் முழுவதும் என் கணினி ஒரே கூத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. விளையாட்டைத் தொடங்கிய முதல் இருபது நிமிடங்கள் நொடிக்கு 85 முதல் 90 ஃப்ரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வரை சீராக ஓடும். பிறகு திடீரென 20-க்கும் கீழே சரிந்து, ஏழெட்டு நொடிகள் படம் நகர மாட்டாமல் திணறி, ஒன்றுமே நடவாததுபோலப் பழைய வேகத்துக்குத் திரும்பும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். சேஃப் மோடில் சென்று கிராஃபிக்ஸ் டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். பின்னணியில் ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானதுதான் மிச்சம். காட்சித் தரத்தை 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்குக் குறைத்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. தரத்தைக் குறைத்தால் சரிவு தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதுவோ பன்னிரண்டாவது நிமிடத்திலேயே வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தரம் குறையும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் விரைவாக வரைந்து முடித்துவிடுவதால், அடுத்த ஃப்ரேமுக்கான கணக்குகளை முன்பைவிட வேகமாகத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு பிராசசரின் தலையில் விழுகிறது. அப்படியென்றால் கோளாறு கார்டில் இல்லை, பிராசசர் இருக்கும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

கணினியின் வெப்பநிலை, வேகம் போன்றவற்றை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளை, இரண்டு நொடிக்கு ஒருமுறை எல்லா அளவுகளையும் பதிவு செய்யும்படி ஓடவிட்டு, அரை மணி நேரம் விளையாடினேன். சரிவு நேரும் கணத்தில் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்கியிருந்தது. கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது என்று பொருள். பிராசசரின் வெப்பநிலை 70 டிகிரியைத் தாண்டவே இல்லை. என்னை இவ்வளவு நாள் ஏமாற்றியது இந்த எண்தான், ஏனென்றால் அதைப் பார்த்துவிட்டு வெப்பம் காரணமில்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டியிருந்தேன். அதற்குப் பக்கத்துப் பத்தியில் இருந்த கடிகார வேகத்தை நான் கவனிக்கவில்லை: 4.0 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த, பிராசசருக்குள் கணக்குப் போடும் ஆறு கோர்களும் ஒரே நேரத்தில் 0.8-க்கு விழுந்திருந்தன. மின்சார வரம்பை எட்டிய பிராசசர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமே தவிர, இப்படித் தரையைத் தொடாது. அதே பதிவில் 'விஆர் தெர்மல் அலர்ட்' என்ற வரியில், சரிவு நேர்ந்த ஒவ்வொரு முறையும் 'யெஸ்' (ஆம்) என்று இருந்தது.

பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்குத் தேவையான ஏறத்தாழ 1.2 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பகுதிக்கு விஆர்எம் (வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல்) என்று பெயர்; அந்த வரியில் இருந்த 'விஆர்' இதைத்தான் குறிக்கிறது. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு கறுப்புச் சில்லுகளும் சுருள்களும் அதன் உறுப்புகள். பிராசசர் 70 வாட் வாங்கும்போது அவற்றின் வழியாகக் கிட்டத்தட்ட 58 ஆம்பியர் பாய்கிறது. (ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகூட 230 வோல்ட்டில் நான்கரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது.) என்னுடையது விலை குறைந்த போர்டு என்பதால் அந்தச் சில்லுகளின்மேல் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) கிடையாது. அவை அளவுக்கு மீறிச் சூடானதும் போர்டு எச்சரிக்கை அனுப்புகிறது, பிராசசர் வேகத்தைக் கைவிடுகிறது, சில நொடிகளில் சில்லுகள் ஆறியதும் வேகம் திரும்புகிறது.

இந்த வினையை நானேதான் தேடிக்கொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிராசசருடன் பெட்டியில் வந்த கூலர் காற்றை மேலிருந்து கீழாகப் போர்டின்மேல் ஊதும் வகை. சத்தம் பொறுக்காமல் டிசம்பரில் அதைக் கழற்றிவிட்டு உயரமான டவர் கூலர் ஒன்றைப் பொருத்தினேன். அது காற்றைப் போர்டுக்கு இணையாகப் பின்பக்கம் தள்ளுகிறது. பிராசசர் குளிர்ந்தது, அதுவரை பழைய விசிறியின் காற்றில் ஓசியில் ஆறிக்கொண்டிருந்த விஆர்எம்முக்குக் காற்று நின்றுபோனது. மார்கழிக் குளிரில் அது தாக்குப்பிடித்ததால், மதுரையின் சித்திரை வெயிலில் அறை 35 டிகிரியை எட்டும்வரை கூலரை மாற்றியதற்கும் இந்தத் திணறலுக்கும் நான் முடிச்சுப் போடவே இல்லை.

உறுதிசெய்துகொள்ள, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அம்மாவின் அறையிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுவந்து போர்டை நோக்கி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஒரு சரிவும் இல்லை. பிறகு 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வாங்கி, விஆர்எம்மைப் பார்த்தவாறு கேபிள் டை கொண்டு கட்டி, சில்லுகளின்மேல் சிறிய அலுமினிய ஹீட்சிங்குகளையும் ஒட்டினேன். அந்த எச்சரிக்கையையே மென்பொருள் மூலம் அணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு; சில்லுகள் கருகாமல் காப்பது அந்த எச்சரிக்கைதான் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று எடுத்த பதிவில் இரண்டு மணி நேரமும் 4.0 கிகாஹெர்ட்ஸ் அசையாமல் நின்றது. புதிய விசிறி சற்று இரைகிறது. கூலரை மாற்றி நான் ஒழித்த சத்தத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது.