குருட்டு ஆன்டெனாவும் சித்தியின் குரலும்

கல்யாணப் பந்தியில் நூறு பேர் பேசும் இரைச்சலிலும் சித்தியின் குரல் மட்டும் தனியாகக் காதில் விழுகிறதே, அந்த வேலையை ஆன்டெனாவைச் செய்யவைக்க முடியுமா என்று இரண்டு நாளாகக் கணினியில் முட்டிக்கொண்டிருக்கிறேன்.

900 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 33 செ.மீ. அதில் பாதி இடைவெளி விட்டு நாலு ஆன்டெனா. ஒவ்வொன்றிலும் வருவதை எந்த எடையில், எவ்வளவு கட்டம் (phase, அதாவது அலையை எவ்வளவு முன்பின் நகர்த்துவது) தள்ளிக் கூட்டுவது என்பதுதான் கணக்கு. வழக்கமாக, முன்பே தெரிந்த பிட்டுகளை அனுப்பிப் பழக்குவார்கள். ஜிஎஸ்எம் என்ற செல்பேசி முறையில் 148 பிட் துண்டு ஒன்றுக்கு 26 பிட் இதற்கே போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கும் மேல்!

தெரிந்த பிட் எதுவும் இல்லாமலே பழகும் குருட்டு முறைக்கு அது வேண்டாம். ஜிஎஸ்எம் அலையின் வீச்சு, அதாவது உயரம், மாறாதது. வந்து சேர்வது ஏறி இறங்கினால், வேறு ஏதோ கலந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக்கொண்டே போனால் சரி. 1980களின் தொடக்கத்திலேயே கோதார், டிரைக்லர் போன்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி.

ஆனால் குறுக்கே வருபவரின் வீச்சும் மாறாததாக இருந்தால்? நேற்று ராத்திரி அதுதான் நடந்தது. சித்தியை விட்டுவிட்டு, பக்கத்து இலைக்காரரைக் கச்சிதமாகப் பிடித்துக் கொடுத்தது. தொடக்க எடைகளை மாற்றிப் பார்க்கணும்.