ஒரு கிலோபைட் வேர்க்கடலை

2024 செப்டம்பர் 2, திங்கள்

எங்கள் வலைத்தளத்தில் நான் எழுதிய ‘கார்டு’ கிளாஸும் நண்பர் எழுதிய ‘கார்டு’ கிளாஸும் ஒன்றையொன்று மிதித்து, ஒலிப்பாடம் கேட்கும் பக்கமே குலைந்துவிட்டது. கிளாஸ் என்பது நிறம், அளவு போன்ற தோற்ற விதிகளின் தொகுப்புக்கு நாம் இடும் பெயர். இரண்டு வாரத்தில் இது மூன்றாவது முறை. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் எல்லாப் பெயர்களும் ஒரே பொதுவெளியில் கிடக்கின்றன. 2014-இல் ஃபேஸ்புக்கின் கிறிஸ்டோபர் ஷெடோ தம் உரையில் அடுக்கிய குறைகளில் முதலாவதே இதுதான். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே சிஎஸ்எஸ் எழுதும் வழக்கம் பரவலானது அதன் பிறகுதான். அந்த வழக்கத்துக்கென்றே உள்ள கூபர் என்ற லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பை, நாளை எடுத்துப் பார்க்கிறேன். சுருக்கிய நிலையில் ஏறத்தாழ ஒரு கிலோபைட்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில் கூபர் என்றால் வேர்க்கடலை. பெயருக்கேற்ற அளவு. மூல நிரல் முழுவதையும் ஒரே மாலையில் படித்து முடித்தேன். பெரிய லைப்ரரிகள் எதிலும் எனக்கு வாய்க்காத நிறைவு இது.

பெயர் சூட்டும் இடத்தில்தான் மனம் நின்றுவிட்டது. நாம் எழுதும் சிஎஸ்எஸ் வரிகளிலிருந்தே கிளாஸின் பெயர் பிறக்கிறது. 11-இல் தொடங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் கையிலுள்ள எண்ணை 101-ஆல் பெருக்கி, கணினியில் அந்த எழுத்துக்குள்ள குறியெண்ணைக் கூட்ட வேண்டும். தாளில் போட்டுப் பார்த்தேன். ‘கலர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து சி, குறியெண் 99, விடை 1210. அடுத்தது ஓ, 111, விடை 1,22,321. ஐந்தாம் எழுத்தில் எண் 32 பிட் (இரும இலக்கம்) அளவைத் தாண்டுகிறது, தாண்டியதை நிரல் வெட்டிவிடுகிறது. கடைசியில் நிற்கும் எண்ணுக்கு முன்னால் ஜி, ஓ என்ற இரண்டு எழுத்துகள். அவ்வளவுதான் பெயர்! அதே வரிகளை எங்கே எழுதினாலும் அதே பெயர்; ஒரு புள்ளி மாறினால் வேறு பெயர். இரண்டு கார்டுகளும் இனி தத்தம் வீட்டில் இருக்கலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

பாடம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் பட்டையின் அகலத்தைக் கூபருக்குள் எழுதியிருந்தேன். விரலால் இழுக்க இழுக்கத் திக்கியது. கூபர் தன் கிளாஸ்களைப் பக்கத்தில் சேர்த்துவைக்கும் ஸ்டைல் டேகைத் திறந்து பார்த்தால் 212 பிக்சல், 213, 214, 215 என்று ஒவ்வோர் அகலத்துக்கும் ஒரு கிளாஸ். பழையது ஒன்றுகூட நீங்கவில்லை. எல்லாம் ஒரே உரைத்துண்டாக இருப்பதால், புதிது ஒன்று சேரும்போதெல்லாம் உலாவி முழுவதையும் மறுபடி படிக்கிறது. செவ்வாயன்று நான் வியந்த அதே விதிதான்: எண் மாறினால் வரி மாறும், வரி மாறினால் பெயர் மாறும்.

செப்டம்பர் 7, சனி

அகலத்தைச் சிஎஸ்எஸ் மாறியாக்கி (மதிப்பை வேறிடத்திலிருந்து பெறும் பெயர்), மதிப்பைப் பட்டையின் ஸ்டைல் பண்பிலேயே கொடுத்துவிட்டேன். கூபருக்குள் எண் இல்லை, மாறியின் பெயர் மட்டுமே. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை இழுத்துப் பார்த்தேன். ஸ்டைல் டேகில் பட்டைக்கென்று ஒரே ஒரு கிளாஸ்.